பேயாட்டமும் பசியும்: ‘குபி கைன் பாகா பைன்’ திரைப்படத்தின் நகைக்கூத்தும் தமிழ்ப் பரணி மரபும்

முன்னுரை

ஓவியத்தை அசையச் செய்து கதை சொல்லும் முயற்சி இந்தியாவில் தொடங்கிய இடங்களுள் ஒன்று, கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்ச் ஆகும். பி. என். சர்க்கார் 1931ஆம் ஆண்டில் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் 1934இல் ‘பீ பிரதர்ஸ்’ என்னும் சில நிமிட ஓவியப்படத்தை வெளியிட்டது. அம்முயற்சி தொடர்ந்து ஒரு மரபாக வளரவில்லை. எனினும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், டாலிகஞ்சை மையமாகக் கொண்ட வங்காளத் திரைத்தொழிலின் கலைஞர்கள், உயிருள்ள நடிகர்களையே ஓவியப் பாவைகளாக மாற்றிய ஓர் ஆட்டத்தைப் படைத்தனர். சத்யஜித் ரேயின் ‘குபி கைன் பாகா பைன்’ (1969) திரைப்படத்தில் இடம்பெறும் பேயாட்டமே அது. ஏறத்தாழ ஆறரை நிமிடமே நிகழும் இக்கூத்து, குறுமை, விரைவு, வியப்பு, நகை ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தது. இன்றைய இளையோர் ஜப்பானியக் குறு ஓவியப்படங்களில் விரும்பிக் காணும் இயல்புகள் இவையேயாகும்.

இவ்வாட்டம் குறித்து நிலவும் கருத்துகளை மதிப்பிட்டு, அதனைத் தமிழ்ப் பரணி இலக்கியத்தின் பேய்களோடு ஒப்பிட்டுக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீட்டுக்குரிய காரணம் வெறும் பொருள் ஒற்றுமை மட்டுமன்று. இப்பேய்கள் ஆடுவது தமிழகத்தின் தாளக் கருவிகளுக்கு என்பதும் ஒரு காரணமாகும்.

படமும் ஆட்டமும்

இத்திரைப்படத்தின் மூலக்கதையை எழுதியவர் ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி (1863-1915). அவரே 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில் இக்கதை 1915இல் வெளிவந்தது. பாடத் தெரியாத குபியும் கொட்டத் தெரியாத பாகாவும் தத்தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டுக் காட்டில் சந்திக்கின்றனர். இரவில் பேய்கள் தோன்றி ஆடுகின்றன. பேயரசன் அவர்களுக்கு மூன்று வரங்கள் தருகின்றான். கைதட்டினால் உணவும் உடையும் கிடைக்கும். மந்திரச் செருப்பு அணிந்தால் நினைத்த இடம் செல்லலாம். பாடியும் கொட்டியும் கேட்போரை அசைவற்று நிற்கச் செய்யலாம். இவ்வரங்களைக் கொண்டு சுண்டி, ஹல்லா என்னும் இரு நாடுகளுக்கிடையே மூளவிருந்த போரை இருவரும் தடுக்கின்றனர்.

தபேன் சட்டர்ஜி குபியாகவும் ரபி கோஷ் பாகாவாகவும் நடித்தனர். இரு நாட்டு அரசர்களாகவும் சந்தோஷ் தத்தா ஒருவரே தோன்றினார். சௌமேந்து ராய் ஒளிப்பதிவு செய்ய, பன்சி சந்திரகுப்தா கலை இயக்கத்தை மேற்கொண்டார். இந்திய அரசின் சிறந்த திரைப்பட விருதும் சிறந்த இயக்குநர் விருதும் இதற்குக் கிடைத்தன. பொருள் நெருக்கடியால் படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டு, இறுதிக் காட்சி மட்டும் வண்ணத்தில் அமைந்தது. இக்குறையே பேயாட்டத்திற்கு நிறைவாயிற்று எனலாம். ஒளியும் இருளும் இடம் மாறிய படிவங்களும் மினுங்கும் உருவங்களும் நிழற்பாவைக் கூத்தின் சாயலை ஆட்டத்திற்கு அளித்துள்ளன.

ஆட்டத்தில் பேய்கள் நான்கு கூட்டங்களாக வருகின்றன. முதற்கூட்டம் அரசர், அடுத்தது உழவர் முதலிய எளிய மக்கள், மூன்றாவது வெள்ளையர், நான்காவது பருத்த உடலினர். ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியே ஆடுகின்றது. வேகம் மிகமிக ஒவ்வொரு கூட்டத்தாரும் தமக்குள்ளேயே மோதிக்கொள்கின்றனர். இறுதியில் நான்கு கூட்டங்களும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வரிசைகளில் நின்று இணக்கமாக ஆடி முடிக்கின்றன. வெள்ளையர் கூட்டத்தின் அசைவு மட்டும் விசை முடுக்கிய பொம்மைகளைப் போல வெட்டி வெட்டி அமையுமாறு, படச்சுருளின் பதிவு வேகம் மாற்றப்பட்டுள்ளது.

நிலவும் கருத்துகள்

இவ்வாட்டம் குறித்து மூவகைக் கருத்துகள் முன்வைக்கப்படுவதுண்டு. கதையோட்டத்தை நிறுத்தி வைக்கும் அலங்கார இடையீடு இது என்பது முதற்கருத்து. நால்வருணப் பாகுபாட்டின் உருவகம் இது என்பது இரண்டாவது. சிறுவரை மகிழ்விக்கும் வேடிக்கை. அதற்குமேல் பொருள் தேடுதல் வேண்டா என்பது மூன்றாவது.

இரண்டாம் கருத்து எண் ஒற்றுமையை மட்டும் பற்றி எழுந்ததாகும். வெள்ளையர் எவ்வருணத்திலும் அடங்கார். பருத்தோர் கூட்டத்திலோ வேதியரும் வணிகரும் கிறித்தவப் பாதிரியாரும் கலந்து காணப்படுகின்றனர். எனவே இப்பகுப்பு சாத்திர நூலிலிருந்து பெறப்பட்டதன்று. வங்க மண்ணில் வாழ்ந்து மடிந்தோர் யாவர் என்னும் வினாவிலிருந்து பெறப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும்.

டாலிகஞ்சின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆதிகங்கையின் தூர்ந்த பழைய வழியை வாய்க்காலாக வெட்டிய வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேயப் படை அலுவலரின் பெயரே அவ்விடத்திற்கு வழங்குகின்றது. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அங்கு வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு, டாலிகஞ்சுப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். நாடிழந்த அரசகுலத்தாரும், நாடு பிடித்த வெள்ளையரும், அவ்விருவருக்கும் விளைத்துக் கொடுத்த உழவரும் அடுத்தடுத்துப் புதையுண்ட மண் அது. ரேயின் பேய்க்கூட்டங்கள் அம்மண்ணின் சமூக வரலாற்றைச் சுருங்கச் சொல்லுகின்றன.

எஞ்சிய இரு கருத்துகளும் நகையை நகையாகவே நிறுத்திவிடுகின்ற மனப்பாங்கிலிருந்து எழுவன. அவற்றுக்குரிய மறுப்பு ஆட்டத்தின் தாள அமைப்பிலும், அவ்வாட்டத்திற்குப் பின் கதை செல்லும் திசையிலும் கிடைக்கின்றது.

தாளம் என்னும் கட்டமைப்பு

பேயாட்டத்தில் பண் இல்லை, பாட்டு இல்லை, தாளம் மட்டுமே உண்டு. கருநாடக இசையின் தாளவாத்தியக் கச்சேரியே இதற்கு முன்மாதிரி என ரே விளக்கியுள்ளார். அரசருக்கு மிருதங்கமும், எளிய மக்களுக்குக் கஞ்சிராவும், வெள்ளையருக்குக் கடமும், பருத்தோருக்கு மோர்சிங்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இவ்வொதுக்கீட்டின் நுட்பம் தமிழிசை மேடையை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். கச்சேரி மேடையில் மிருதங்கம் முதன்மைப் பக்கவாத்தியம். ஏனைய மூன்றும் உபபக்கவாத்தியங்கள். அரசனுக்கு மிருதங்கத்தைக் கொடுத்ததன் வாயிலாக, மேடையின் படிநிலை சமூகத்தின் படிநிலைக்கு உவமையாகின்றது. மண்ணாலான கடத்தின் இறுகிய ஓசை, வெள்ளையரின் விறைத்த நடைக்குப் பொருந்துகின்றது. வாயில் வைத்து மீட்டப்படும் மோர்சிங்கின் அதிர்வு, பருத்த உடலின் குலுக்கத்தை ஒலியாக்குகின்றது. ஒரு கையில் அடங்கும் கஞ்சிரா, நாட்டார் இசைக்கு அணுக்கமான ஓசையுடையதாதலின் உழவர் கூட்டத்திற்கு உரியதாயிற்று.

ஆட்டத்தின் வளர்ச்சியும் தனியாவர்த்தனத்தை நினைவூட்டுகின்றது. தனியாவர்த்தனத்தில் ஒவ்வொரு கருவியும் முதலில் தனித்து வாசிக்கும். பின்னர் முறைவைத்து மாறிமாறி வாசிக்கும் பகுதிகள் குறைப்பு என்னும் முறையால் படிப்படியே குறுகும். முடிவில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்துத் தீர்மானத்தில் நிற்கும். பேய்க் கூட்டங்களின் தனியாட்டம், விரைவு, மோதல், இணைப்பு என்னும் வரிசை இதனோடு ஒத்துச் செல்கின்றது. எனவே கட்டற்ற வெறியாட்டம்போலத் தோன்றும் இக்கூத்து உண்மையில் கணக்கிற்கு உட்பட்டதாகும். விரைவு குழப்பமாகாமல் நகையாக நிலைபெறுவதற்கு இக்கணக்கே காரணம் எனலாம். நான்கு கூட்டங்களின் இறுதி இணக்கமும் கதையாசிரியர் திணித்த அறமாகத் தோன்றாமல், தாளத்தின் தீர்மானமாகவே அமைந்துவிடுகின்றது.

இத்தகைய கொடுக்கல் வாங்கல் டாலிகஞ்சு காலத்து வங்காளத்திற்குப் புதியதன்று. தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க நாள்களில், சென்னையில் படப்பிடிப்பு வசதி ஏற்படுமுன், ‘வள்ளி திருமணம்’ (1933) போன்ற தமிழ்ப் படங்கள் கல்கத்தாவிலேயே உருவாயின. அன்று தமிழ்க் கூத்து வங்காளத் தளத்தைத் தேடிச் சென்றது. பின்னாளில் வங்காளப் பேய் தமிழகத் தாளத்தைத் தேடி வந்தது.

பரணியின் பேய்கள்

தமிழ் மரபில் பேயாட்டம் மிகத் தொன்மையானது. திருமுருகாற்றுப்படை போர்க்களத்தில் துணங்கை ஆடும் பேய்மகளைக் காட்டுகின்றது. காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் பேய்கள் சூழ்ந்த சுடுகாட்டு ஆடலைப் பாடுமிடத்து, இசை நரம்புகளின் பெயர்களையும் தோற்கருவிகளின் பெயர்களையும் அடுக்கிக் கூறுகின்றன. பேயும் தாளமும் பிரிக்க இயலாதன என்னும் உணர்வு அங்கேயே வேர்கொண்டுள்ளது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களங்களுள் அணங்கினை வைக்கின்றது. உரையாசிரியர் பேயினை அதனுள் அடக்குவர். நகைக்குரிய நிலைக்களங்களாகப் பேதைமை, எள்ளல் முதலியன கூறப்படுகின்றன. அச்சத்திற்குரிய பொருளை நகைக்குரிய பொருளாக மாற்றிய பெருமை பரணி இலக்கியத்தையே சாரும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செயங்கொண்டார் இயற்றிய ‘கலிங்கத்துப் பரணி’, முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடுவது. ஆயினும் நூலின் பெரும்பகுதியில் உலவுவன காளியும் அவளுடைய பேய்களுமேயாகும்.

அந்நூலின் இந்திரசாலப் பகுதி, ஒரு குறு ஓவியப்படத்திற்குரிய வேகமும் வியப்பும் உடையது. இமயத்தில் மாயவித்தை கற்று மீண்ட முதுபேய் ஒன்று, காளியின் முன் போர்க்களக் காட்சிகளைத் தோற்றுவிக்கின்றது. பசித்த பேய்கள் அவற்றை மெய்யென்று நம்பிப் பாய்கின்றன. இல்லாத நிணத்தை அள்ளி வெறுங்கையை வாயிலிடுகின்றன. ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பேதைமை பொருளாகப் பிறக்கும் நகைக்கு இதனினும் சிறந்த காட்டு அரிது. தாழிசைகளின் சந்த வேகம் அக்காட்சியின் வேகமாகின்றது.

கூழடுதல் பகுதியோ ரேயின் நாற்கூட்டத்திற்கு நேர் முன்னோடி எனத் தகும். அங்குக் கூழ் பெறும் பேய்களுள் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்பன இடம்பெறுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய் போல்வனவும் உள்ளன. உயிரோடிருந்த நாளில் இருந்த சமயமும் சாதியும் உடற்குறையும் இறப்பிற்குப் பின்னரும் பேய்களை விடவில்லை. இறப்பு யாவரையும் சமமாக்கும் என்னும் அறநூற் கருத்தை இந்நகை மறுக்கின்றது. சமூகத்தின் பாகுபாடு இறப்பினும் வலியது என்பதே செயங்கொண்டாரின் எள்ளல். எண்ணூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் ரேயின் பேய்கள் அதே உண்மையை ஆடிக்காட்டுகின்றன.

பசியும் போரும்

இரு படைப்புகளும் ஒன்றுபடும் இடத்தைவிட அவை எதிர்த்திசையில் பிரியும் இடமே ஆய்வுக்குரியது. அவ்விடம் பசி.

பரணியில் பேய்கள் பசியால் வாடுகின்றன. காளியிடம் முறையிடுகின்றன. அப்பசிக்கு மருந்தாக வருவது கலிங்கப் போர். மடிந்த வீரரின் பற்கள் அரிசியாகின்றன. குருதியும் நிணமும் கூழாகின்றன. உண்டு களித்த பேய்கள் சோழனை வாழ்த்துகின்றன. நகை எவ்வளவு கட்டற்றதாயினும் அது வெற்றி பெற்ற வேந்தனின் புகழில் சென்று அடங்குகின்றது. பசி தீரப் போர் வேண்டும் என்பதே அதன் உள்ளமைப்பு.

ரேயின் படத்தில் இவ்வுறவு தலைகீழாகின்றது. ஹல்லா நாட்டின் அமைச்சன் வயிறு புடைக்க உண்கின்றான்; ஒற்றனும் வீரரும் எலும்புந் தோலுமாக இருக்கின்றனர். சிறைப்பட்ட குபியும் பாகாவும் வரத்தால் உணவு வரவழைக்க, பட்டினி கிடந்த காவலன் அதன்மேல் ஆசைகொண்டு உள்ளே வர, இருவரும் தப்புகின்றனர். படை எழும் வேளையில் அவர்கள் பாடுகின்றனர். வீரர் அசைவற்று நிற்கின்றனர். பின்னர் வானிலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. வீரர் ஆயுதங்களை மறந்து பானைகளை நோக்கி ஓடுகின்றனர். போர் நடவாமலே முடிகின்றது. பசி தீர்ந்தால் போர் வேண்டா என்பது இதன் உள்ளமைப்பு.

இம்மாற்றம் பேயாட்டத்தின்றி நிகழ்ந்திருக்க இயலாது. இசையும் உணவும் ஆகிய இரு படைக்கலங்களையும் அளித்தவை அப்பேய்களே. மேலும் கூட்டங்களுக்குள் மூளும் மோதலும் பின்னர்த் தாளத்தால் விளையும் இணக்கமும், கதையின் இறுதியில் இரு நாடுகளுக்கிடையே நிகழவிருப்பதன் முன்னோட்டமாக அமைகின்றன. ஆகவே இதனை அலங்கார இடையீடு எனல் பொருந்தாது.

காலச்சூழலும் கருதத்தக்கது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பெரும்பஞ்சத்தைக் கண்ட தலைமுறையைச் சார்ந்தவர் ரே. அப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு 1973இல் ‘அசனி சங்கேத்’ எடுத்தவர். மேற்கு வங்கத்தில் 1959இலும் 1966இலும் உணவு கேட்டு மக்கள் கிளர்ச்சிகள் நடந்தன. இரண்டாம் கிளர்ச்சி ஓய்ந்து மூன்றே ஆண்டுகளில், வானிலிருந்து இனிப்புப் பானை இறங்கும் காட்சியைக் கண்ட வங்கத்து மக்களுக்கு அது வெறும் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்க வாய்ப்பில்லை. சிறுவர் கதைப் போர்வையில் பெரியோர்க்குரிய செய்தி சொல்லப்பட்டது எனலாம்.

இவ்விடத்தில் ஜப்பானிய ஓவியப்படம் ஒன்றைச் சுட்டுவது தகும். இசாவோ தகாஹாத்தாவின் ‘பொம்போக்கோ’ (1994), தோக்கியோ நகர்க்கு அருகில் தம் காட்டை இழக்கும் தனுக்கி விலங்குகளின் கதை. உருமாறும் ஆற்றல் பெற்ற அவ்விலங்குகள், மனிதரை அச்சுறுத்தப் பேய்களின் ஊர்வலமொன்றை நகரத் தெருவில் நடத்துகின்றன. மக்களோ அதனைக் கேளிக்கையாகக் கண்டு மகிழ்கின்றனர். புதிய கேளிக்கைப் பூங்கா ஒன்று அதனைத் தன் விளம்பரமென உரிமை கொண்டாடுகின்றது. காட்டின் முறையீடு எவர் செவியிலும் ஏறவில்லை. வியப்பு நகைக்கூத்தை வேடிக்கை என்று மட்டும் காண்போர் எதனை இழக்கின்றனர் என்பதற்கு அக்காட்சியே விடையாகும். ரேயின் பேயாட்டத்தைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோரும் அந்நகரத் தெருவில் நின்றவர்களை ஒத்தவரே.

குறைகள்

இவ்வாட்டத்தைப் பாராட்டும்போது அதன் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. நாற்கூட்டத்திலும் பெண்பேய் ஒன்றுக்கும் இடமில்லை. வங்க மண்ணில் வாழ்ந்து மடிந்தோர் ஆடவர் மட்டுமல்லர். தமிழ் மரபிலோ பேய்மகளே முதன்மை பெறுகின்றாள்; காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றார்; பரணியின் பேய்களை ஆள்பவளும் காளியே. திரைப்படம் முழுமையிலும் பெண்களுக்குரிய இடம் மிகக் குறைவு. அரசிளங்குமரியர் முடிவில் பரிசுப் பொருளாகவே வருகின்றனர். சமூகத்தின் பகுப்புகளைக் கண்டு நகைத்த கலைஞர், அச்சமூகத்தின் பாதியைக் காணாது விட்டது பெருங்குறையே.

பருத்த உடலே நகைக்குப் போதிய காரணம் எனக் கொண்டதும் எளிய வழியாகும். பரணியும் இக்குற்றத்திற்கு விலக்கன்று. குருட்டுப் பேயையும் ஊமைப் பேயையும் கண்டு நகைக்க அது அழைக்கின்றது. எனினும் ரேயின் நான்காம் கூட்டத்தில் பருமன், பிறர் உழைப்பில் உண்டு கொழுத்தமையின் அடையாளமாகவும் நிற்கின்றது. உண்டு கொழுத்த ஹல்லா அமைச்சனோடு சேர்த்துக் காணும்போது இப்பொருள் தெளிவுறும். எள்ளல் உடலின்மேல் விழுகின்றதா, ஒழுக்கத்தின்மேல் விழுகின்றதா என்பதைக் காண்போர் பகுத்துணர வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: ரேயின் பேயாட்டம் கதைக்குப் புறம்பான அலங்காரமன்று, படத்தின் கருவே அதில் அடங்கியுள்ளது. அதன் நாற்பகுப்பு வருண நூல் சார்ந்ததன்று. வங்க மண்ணின் சமூக வரலாறு சார்ந்தது. அதன் விரைவு, தனியாவர்த்தனத்தை ஒத்த தாளக் கணக்கால் ஒழுங்குபெற்று நகையாகின்றது. இறப்பிற்குப் பின்னும் நீங்காத பாகுபாட்டை எள்ளும் முறையில் அது பரணியோடு ஒன்றுபடுகின்றது. பசியையும் போரையும் இணைக்கும் முறையில் பரணிக்கு மறுதலையாக நிற்கின்றது.

உபேந்திரகிஷோரின் கதை, ஷில்பா ரானடேயின் இயக்கத்தில் ‘கோபி கவையா பாகா பஜையா’ (2013) என்னும் இந்தி ஓவியப்படமாகவும் உருப்பெற்றுள்ளது. அக்கதை தலைமுறைதோறும் புத்துருப் பெறும் ஆற்றலுடையது என்பதற்கு இது சான்று. தமிழிலோ இந்திரசாலப் பகுதியும் கூழடுதல் பகுதியும் வகுப்பறைகளில் சுவையும் அணியும் சுட்டுவதற்குரிய பாடப்பகுதிகளாகவே நின்றுவிடுகின்றன. அவற்றின் நகை யாரை நோக்கியது, அப்பேய்கள் எதற்காகப் பசித்திருந்தன, அவை உண்டது எவருடைய உடலை என்னும் வினாக்கள் அங்கு எழுவது அரிது. டாலிகஞ்சின் கலைஞர்கள் தமிழகத்தின் தாளத்தை எடுத்துக்கொண்டு போரில்லாத ஒரு பரணியைப் பாடிக் காட்டியுள்ளனர். அதனைக் கண்டபின் செயங்கொண்டாரின் பேய்களைப் பழைய நகையோடு மட்டும் பயிலுதல் இயலாது. அந்நகையின் அடியிலுள்ள பிணக்குவியலையும் எண்ணியே பயில வேண்டியுள்ளது.